கணக்கு ரீச்சர் பதில்கள்: மூன்றிலொரு சரையை யார் வாங்குவார்?

போன இதழில், தரம் 7 முதல் 9 வரைக்குமான அட்சரகணிதத்தை வீட்டுக் காசுக் கணக்கையும் கடைக் கணக்கையும் வைத்துச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள் என்று நாலு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு சொப்பிங் பை நிறைய. பாதி கேள்வி, கொஞ்சம் பாராட்டு, இரண்டு மூன்று ஏச்சு. ஏச்சில் ஒன்றையும் கீழே சேர்த்திருக்கிறேன், அது நியாயமான ஏச்சு.

தொடங்க முன்னர் ஒரு சொல். தெரியாக்கணியம், அதாவது நாங்கள் கண்டுபிடிக்கவேண்டிய எண், வரும் இடமெல்லாம் 'ந' என்ற எழுத்தைத்தான் போட்டிருக்கிறேன். ஏன் 'ந' என்பதற்கு முதல் பதிலிலேயே கதை இருக்கிறது. விலைகள் பெரும்பாலும் கணக்குக்காக வைத்தவை, நீங்கள் உங்கள் ஊர்ச் சந்தை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

விசுவமடுவிலிருந்து ஓர் ஆசிரியை: "தரம் 8 எடுக்கிறேன் ரீச்சர். 'இதைப் படிச்சு என்ன செய்யிறது?' என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்து வியாபாரக் கணக்கே கொடுத்தேன். 'ஒருவர் 12 பேனைகளை வாங்கி' என்று தொடங்கினேன், இரண்டாவது வரிசை அப்பவே மேசையில் தலையை வைத்துவிட்டது. எங்கே பிழை?"

பிழை அந்த 'ஒருவரில்' இருக்கிறது, தங்கச்சி. அவர் யார், 12 பேனையை ஏன் வாங்கினார், விடை வந்தால் அவருக்கு என்ன, வராவிட்டால் என்ன? பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் தலையை வைத்தார்கள். கணக்குக்குள் ரூபாவைப் போட்டதால் மட்டும் அது வீட்டுக் கணக்காகிவிடாது. நான் ஒரு கணக்கை வகுப்புக்குக் கொண்டுபோக முன்னர் பார்ப்பது ஒன்றைத்தான்: இதன் விடை தெரிந்தால் யாராவது நாளைக்கு வேறுமாதிரி நடப்பார்களா?

எனக்குக் கைகொடுத்தது கச்சான். ஏ9 வீதியால் போகும் பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும், சனம் இறங்கித் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்திவிட்டுத் திரும்ப ஏறும்போது கையில் கச்சான் இருக்கும், இது உங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த காட்சி. என் வகுப்பில் ஒரு பிள்ளையின் அம்மம்மா, வற்றாப்பளைப் பொங்கல், கோயில் திருவிழா என்று வந்தால் கச்சான் வறுத்துக் கொண்டுபோய் விற்பவர். தாச்சியில் மணலைச் சூடாக்கி, கச்சானைப் போட்டுக் கிளறி, அரிதட்டால் அரித்து, சுண்டால் அளந்து கடதாசியைச் சுருட்டிச் சரை கட்டுவார். பிள்ளை இதையெல்லாம் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். பச்சைக் கச்சான், கடதாசி எல்லாம் சேர்த்து ஒரு சரைக்கு 55 ரூபா போகிறது, 100 ரூபாவுக்கு விற்கிறார், ஆகவே சரைக்கு 45 ரூபா இலாபம் என்பது அம்மம்மாவின் கணக்கு.

"விறகு?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். பிள்ளை யோசித்துவிட்டு, "விறகும் பஸ் காசும் அம்மம்மா சேர்க்கிறேல்லை" என்றாள். இரண்டும் சேர்ந்து அன்றைக்கு 600 ரூபா. வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த இடத்தில்தான். அப்படியென்றால் எத்தனை சரை விற்றால் அம்மம்மா கைக்காசு போகாமல் வீட்டுக்கு வரலாம்?

இங்கே அவசரப்பட்டு எழுத்தைக் கரும்பலகையில் போட்டுவிடாதீர்கள். முதலில் எண்ணாலேயே போகட்டும். 5 சரை விற்றால் 225 வரும், 600 ஐக் கழித்தால் 375 நட்டம். 10 சரை என்றால் 150 நட்டம். 20 என்றால் 300 இலாபம். ஏழு, பதினொன்று, பதினாறு என்று ஒவ்வொருவருக்கும் ஒன்றைக் கொடுத்துக் கை உளையும்வரை போடவிடுங்கள். "எல்லாத்துக்கும் ஒரே வேலைதானே ரீச்சர், 45 ஆல பெருக்கி 600 ஐக் கழிக்கிறது" என்று யாராவது சலித்துக்கொண்டு சொல்லும்வரை பொறுத்திருங்கள். அந்தச் சலிப்பைக் கரும்பலகையில் எழுதினால் 45ந − 600. அட்சரகணிதக் கோவை என்று புத்தகம் சொல்வது அதைத்தான்.

சமன்பாடு ஆக்கி 45ந = 600 என்று தீர்த்தால் 13.33 வருகிறது. இனித்தான் சண்டை. "பதின்மூன்று" என்கிறது ஒரு பக்கம், கிட்ட முழு எண்ணுக்கு மட்டந்தட்டச் சொல்லிக்கொடுத்தது நான்தானே. "மூன்றிலொரு சரையை யார் வாங்குவார்?" என்கிறாள் அம்மம்மாவின் பேத்தி. 13 விற்றால் இன்னும் 15 ரூபா நட்டம், 14 விற்றால் 30 ரூபா மிச்சம். ஆகவே விடை 14. மட்டந்தட்டும் விதி இங்கே பொருந்தாது என்பதும், 'இவ்வளவு அல்லது அதற்கு மேல்' என்று எழுதுகிற சமனிலி என்று ஒன்று ஏன் தேவைப்படுகிறது என்பதும் நான் வாய் திறக்காமலே விளங்கிவிட்டது.

மறுநாள் இன்னொரு கேள்வி. பக்கத்துக் கடைக்காரர் 80 ரூபாவுக்கு விற்கிறார், அம்மம்மாவும் இறக்குவதா? இறக்கினால் சரைக்கு மிஞ்சுவது 25, 25ந = 600, ந = 24. விலையை இறக்கியது ஐந்திலொரு பங்குதான், ஆனால் விற்கவேண்டிய சரை 14 இலிருந்து 24 க்கு ஏறிவிட்டது! பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அந்த அம்மம்மா விலையை இறக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன், எங்கள் கணக்கால்தானா என்று சத்தியம் பண்ண மாட்டேன். இதே கணக்கைத் தரம் 9 இல் வரைபாகக் கீறலாம். படித்திறன் 45, அதாவது ஒவ்வொரு சரைக்கும் கோடு ஏறுகிற அளவு. வெட்டுத்துண்டு −600, அதாவது முதல் சரை விற்க முன்னர் அம்மம்மா நிற்கும் இடம்.

இனி 'ந' வின் கதை. முதல் வருடம் நான் சரைக்கு 'ச' என்று போட்டேன், நல்ல யோசனை என்று எனக்குள் ஒரு புளுகம் வேறு. 45ச − 600 என்று எழுதியதும் ஒரு பெடியன் எழும்பி, "45 சரையில இருந்து எப்படி ரீச்சர் 600 ரூபாயைக் கழிக்கிறது?" என்று கேட்டான். அவன் 45ச என்பதை 45 சரை என்று வாசித்திருக்கிறான். பிழை என்னுடையது. அந்த எழுத்து சரையைக் குறிக்கவில்லை, சரைகளின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. பொருளின் முதல் எழுத்தைப் போட்டால் பிள்ளை எழுத்தைப் பொருளாகவே பிடித்துக்கொள்ளும், பிறகு கழற்றுவது பெரும்பாடு. அன்றிலிருந்து சம்பந்தமில்லாத ஒரு எழுத்து. புத்தகத்தில் இருக்கிற எக்ஸ் என்றாலும் சரிதான், அதற்கும் கச்சானுக்கும் ஒரு உறவும் இல்லை.

பரந்தனிலிருந்து ஒரு தந்தை: "நான் கமம் செய்கிறவன். ஈர நெல்லை மிசின் வெட்டிய வயலிலேயே எடுக்க முதலாளி வருகிறார். காயவைத்தால் விலை கூட. 20 சதவீதம் ஈரம் உள்ள 100 கிலோவை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் 6 கிலோ குறைந்து 94 நிற்கும் என்று நான் சொல்ல, தரம் 9 படிக்கிற மகன் 93 என்கிறான். ஒரு கிலோவுக்குச் சண்டை பிடிக்கிறோம். யார் சரி?"

மகன் சரி அண்ணை. கோபிக்காதீர்கள், நான் கேட்ட பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் 94 என்றுதான் சொன்னார்கள்.

காய்வது தண்ணீர் மட்டும். 100 கிலோவில் 20 கிலோ தண்ணீர், 80 கிலோ உலர்ந்த நெல். வெயில் அந்த 80 ஐத் தொடாது. காய்ந்த பிறகு நிற்கும் மொத்த நிறை ந கிலோ என்றால், அதில் 14 சதவீதம் தண்ணீர், மிச்சம் 86 சதவீதம் அந்தப் பழைய 80 கிலோ. ஆகவே 0.86ந = 80. பிரித்துப் பாருங்கள், 93.02. நீங்கள் 14 சதவீதத்தைப் பழைய 100 கிலோவின் மேல் எடுத்தீர்கள், அது புதிய நிறையின் மேல் எடுக்கவேண்டியது. எதன்மேல் எத்தனை சதவீதம் என்ற கேள்வியில்தான் முக்கால்வாசிப் பேரும் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன்.

ஒரு கிலோ என்று விடாதீர்கள், பத்தாயிரம் கிலோ என்றால் அது கிட்டத்தட்ட 100 கிலோ. மகனை அதோடு நிறுத்தவிடாமல் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: முதலாளி ஈர நெல்லுக்கு எவ்வளவு கொடுத்தால் காயவைக்காமல் விற்கலாம்? 2025 பெப்ரவரியில் அரசாங்கம் 'நாடு' வகை நெல்லுக்கு அறிவித்த விலை கிலோ 120 ரூபா, அதுவும் ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருந்தால். அந்த விலைக்கே போகிறது என்று வைப்போம். 93.02 ஐ 120 ஆல் பெருக்க 11,162 ரூபா சொச்சம். அதே நெல்லை ஈரமாகக் கிலோ 100 ரூபாவுக்கு விற்றால் 10,000. வித்தியாசம் 1,160 அளவில், ஈர நெல் கிலோவுக்கு 11 ரூபா 60 சதம். ஆக, காயவைக்க ஒரு செலவும் இல்லை என்றால் முதலாளி 111 ரூபா 60 சதத்துக்கு மேல் தந்தால் மட்டும் ஈரமாகக் கொடுக்கலாம்.

ஆனால் செலவு இல்லையா? தறப்பாள், கூலி, ரோட்டில் கொட்டிக் கிளறுகிற இரண்டு நாள், கல் சேருவது, இரவு காவல், காலபோக அறுவடை நேரம் சொல்லாமல் வருகிற மழை. இதையெல்லாம் கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டு அந்த 111.60 இலிருந்து கழியுங்கள். மழைக்கு என்ன விலை போடுவது என்பது மகனுக்குத் தெரியாது, அது உங்களுக்குத்தான் தெரியும். அப்பாவும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால்தான் இந்தச் சமன்பாடு நிற்கும். மூடைக்கு இத்தனை கிலோ கழிவு என்று நிறுக்கும்போது வெட்டுகிறார்களே, அதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள், பிறகு பார்ப்போம் யாருக்குச் சண்டை என்று.

வவுனியாவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: "கணிதத்தைக் கடைக் கணக்கு ஆக்கிவிட்டீர்கள். இலாபம், நட்டம், வட்டி என்று பிள்ளைகளின் மண்டையில் காசை ஏற்றுவதா கல்வி? கணிதத்தின் அழகு எங்கே போயிற்று?"

ஐயா, பாதி உங்களோடு உடன்படுகிறேன். மற்றப் பாதிக்கு ஒரு பழைய கதை. அட்சரகணிதத்துக்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் பெயர் 'அல் ஜபர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 9 ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல் குவாரிஸ்மி அந்தச் சொல்லை வைத்து எழுதிய நூலில் பெரும் பகுதி சொத்துப் பங்கீட்டுக் கணக்கு. செத்தவருக்குக் கடன் இருக்கிறது, மரணசாசனம் இருக்கிறது, மகனுக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு என்று. அவரிடம் எக்ஸும் இல்லை, சகக் குறியும் இல்லை, எல்லாம் வசனம்தான். வெறும் எண்ணை எழுதும்போதுகூட 'முப்பத்தொன்பது திர்ஹம்' என்று காசுப் பெயரிலேயே எழுதினார். ஆகவே காசு இந்தப் பாடத்துக்குள் பிறகு வந்து புகுந்த விருந்தாளி இல்லை, வீட்டுக்காரரே அதுதான்.

இனி உடன்படுகிற பாதி. எல்லாவற்றையும் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போகமுடியாது. 500 ரூபாக் கடன் மூன்றைத் தள்ளுபடி செய்தால் 1,500 ரூபா லாபம் என்று சொல்லி −3 × −500 = 1,500 என்பதை ஒருமாதிரி விளங்கப்படுத்தலாம், ஆனால் −500 × −500 என்று ஒரு பிள்ளை கேட்டால் கடனைக் கடனால் எப்படிப் பெருக்குவது? நான் முழித்திருக்கிறேன். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தைக் காரணிப்படுத்துவதற்குக் கச்சான் ஒரு உதவியும் செய்யாது, அதற்குச் சதுரம் வெட்டிய கடதாசிதான் நல்லது. அடைப்பு நீக்குவது, குறி மாற்றுவது எல்லாம் பயிற்சியால்தான் வரும், கொப்பி நிறையப் போடத்தான் வேண்டும். கதை சொல்லிக்கொண்டே தவணையை ஓட்டிய வருடம் ஒன்று எனக்கும் இருக்கிறது, அந்த வகுப்பின் தவணைப் பரீட்சைப் புள்ளிகளை இங்கே எழுதமாட்டேன்.

மாங்குளத்திலிருந்து தரம் 9 மாணவன்: "சைக்கிள் ஒன்று 38,000 ரூபா. மாமா 5,000 தந்தவர். சனி ஞாயிறு கடையில் நின்று கிழமைக்கு 750 சேர்க்கிறேன். எப்ப வாங்கலாம்? இன்னொன்று, இரண்டு பக்கமும் தெரியாக்கணியம் வருகிற சமன்பாடு எனக்கு ஓடுதே இல்லை."

தம்பி, உன் இரண்டு கேள்வியும் ஒரே கேள்வி. முதலில் சுகமானது: 5,000 + 750ந = 38,000. 750ந = 33,000, ந = 44. நாற்பத்துநான்கு கிழமை, அதாவது பத்து மாதம்.

ஆனால் பத்து மாதமும் கடைக்காரர் அதே விலைச் சீட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு இருப்பாரா? விலை கிழமைக்கு 100 ரூபாப்படி ஏறுகிறது என்று வை. உன் காசு ஒரு பக்கம் ஏறுகிறது, சைக்கிள் விலை மற்றப் பக்கம் ஏறுகிறது, இரண்டும் சந்திக்கிற கிழமை எது?

5,000 + 750ந = 38,000 + 100ந

இதுதான் இரு பக்கமும் தெரியாக்கணியம். பயப்படாதே, சைக்கிளைத் துரத்துகிறாய் என்று நினை. நீ கிழமைக்கு 750 அடி ஓடுகிறாய், சைக்கிள் 100 அடி ஓடுகிறது, இடைவெளி கிழமைக்கு 650 ஆல் குறைகிறது. இரு பக்கத்திலும் 100ந ஐக் கழிப்பது என்று புத்தகம் சொல்வது அதைத்தான். 650ந = 33,000, ந = 50.77, ஆகவே 51 கிழமை. ஏழு கிழமை பிந்துகிறது.

சைக்கிள் 750 ரூபாப்படி ஏறினால்? இரு பக்கமும் 750ந, கழித்தால் ந காணாமல்போய் 5,000 = 38,000 என்று ஒரு பொய் மிஞ்சும். தீர்வு இல்லை என்று கொப்பியில் எழுதுவாய், சைக்கிள் ஒருக்காலும் கைக்கு வராது என்று அதற்கு அர்த்தம். இது சும்மா சொல்கிற பயமுறுத்தல் இல்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். 38,000 ரூபாச் சாமான் அந்த வேகத்தில் ஏறினால் ஒரு வருடத்தில் 64,500 ஐத் தாண்டும். நீ ஒரு கிழமையும் விடாமல் சேர்த்தாலும் 52 கிழமையில் 44,000 தான். அந்த வருடம் உண்டியலில் சேர்த்த பிள்ளைகள் பலர் உண்டியலை உடைத்துவிட்டு அழுதார்கள், நான் பார்த்தேன்.

முள்ளியவளையிலிருந்து ஒரு தாய்: "குழுவாகச் சேர்ந்து 60,000 ரூபாக் கடன் எடுத்தேன், ஒரு வருடம். மாதம் 2 சதவீத வட்டி, மாதாமாதம் 6,200 கட்டவேணும் என்றார்கள். அப்ப வருடத்துக்கு 24 சதவீதம்தானே? தரம் 9 படிக்கிற மகள் கொப்பியில் ஏதோ போட்டுவிட்டு 44 வருது அம்மா என்கிறாள். பிள்ளை பிழையாப் போட்டிட்டாளோ?"

பிள்ளை நன்றாகவே போட்டிருக்கிறாள் அக்கா. ஆறுதலாகப் பார்ப்போம்.

60,000 க்கு மாதம் 2 சதவீதம் 1,200. பன்னிரண்டு மாதத்துக்கு 14,400. முதலோடு சேர்த்தால் 74,400, பன்னிரண்டால் பிரித்தால் 6,200. இதுவரைக்கும் அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் 60,000 ரூபா உங்கள் கையில் பன்னிரண்டு மாதமும் இருந்ததா? நீங்கள் கட்டும் 6,200 இல் 5,000 முதல், 1,200 வட்டி. ஒரு மாதம் கட்டியதும் உங்களிடம் நிற்கிற கடன் 55,000, பிறகு 50,000, இப்படியே குறைந்து கடைசி மாதம் உங்களிடம் இருப்பது வெறும் 5,000. அந்த 5,000 க்கும் அந்த மாதம் வட்டி 1,200. ஒரே மாதத்தில் 24 சதவீதம்! வருடம் முழுதும் முதல் நாள் கடனுக்கே வட்டி அறவிடுகிறார்கள், அதுதான் சூட்சுமம்.

மகள் செய்தது இது. 60,000 இல் தொடங்கி 5,000 இல் முடிவதால் சராசரியாக உங்கள் கையில் இருந்த கடன் 32,500. அதற்கு வருட வட்டிவீதம் ந என்றால் 32,500 × ந ÷ 100 = 14,400. ந = 44.3. இன்னும் நுணுக்கமாக, ஒவ்வொரு மாதமும் நிற்கிற மீதிக்கு வட்டி போடுகிற முறையில் பார்த்தால் 42 க்குக் கிட்ட வரும், எப்படிப் போட்டாலும் 24 வராது. தரம் 11 க்குப் போனதும் குறைந்துசெல்லும் மீதி என்று இதே கணக்கை விரிவாகப் படிப்பாள். இரண்டு வருடம் முந்திவிட்டாள், நாலு பேரிடம் சொல்லிக் கொண்டாடுங்கள்.

அடுத்த முறை யாராவது படிவத்தை நீட்டினால் வீதத்தைக் கேட்காதீர்கள். கையில் எவ்வளவு தருகிறாய், மொத்தமாக எவ்வளவு வாங்குகிறாய், எத்தனை மாதத்தில், இந்த மூன்றையும் கேளுங்கள். ஆவணச் செலவு, காப்புறுதி என்று 2,500 ஐ முதலிலேயே கழித்துக்கொண்டு 57,500 ஐத் தருகிற இடமும் இருக்கிறது, அப்ப அந்த 44 இன்னும் ஏறும். வட்டி குறைந்துசெல்லும் மீதிக்கா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல் அங்கே இங்கே பார்க்கிறவரிடம் கையெழுத்து வைக்க அவசரப்படவேண்டாம். இப்படிச் சிறு கடன் கொடுக்கிற கொம்பனிகளுக்கென்று நுண்நிதியளிப்புச் சட்டம் என்று ஒன்று 2016 இல் வந்தது. 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது, எங்கள் வன்னி மாவட்டங்களும் அதில் அடக்கம். எத்தனை வீட்டில் இந்தக் கணக்கு யாரும் போடாமல் கிடந்திருக்கும் என்று அப்போது யோசித்தேன்.

இதை வாசிக்கிற ஆசிரியர்களுக்கும் ஒன்று. நான் ஒருமுறை, வீட்டில் இருக்கிற கடன் கொப்பியைக் கொண்டுவாருங்கள், வகுப்பில் கணக்குப் போடுவோம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த இரண்டு நாள் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் வரவில்லை. ஏன் என்று பிறகுதான் விளங்கியது. அடைவில் இருக்கிற தாலிக்கொடியையும் கட்டாத தவணையையும் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் விரிக்கச் சொல்ல எனக்கு யார் உரிமை தந்தது? அதற்குப் பிறகு எங்கள் வகுப்பே கற்பனையாக ஒரு வீட்டை உண்டாக்கிக்கொண்டது. அந்த வீட்டுக்கு ஒரு ஆச்சி, இரண்டு மாடு, ஒரு மோட்டார் சைக்கிள் லீசிங், கூரைத் தகரத்தில் ஒரு ஓட்டை. வருமானம், செலவு, கடன் எல்லாம் பிள்ளைகளே வைத்தார்கள். அவர்கள் வைத்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று நான் கேட்பதில்லை.

கிளிநொச்சியிலிருந்து தரம் 8 மாணவி: "கடைத் துண்டில் வற் வரியோடு 2,360 ரூபா. வரி 18 சதவீதம். 2,360 இல் 18 சதவீதத்தைக் கழித்தால் 1,935.20 வருகிறது, அண்ணா 2,000 என்கிறான்."

அண்ணா சரி. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம், அது வரி போடாத விலையின் மேல் போடுவது. 1.18ந = 2,360, ந = 2,000. பரந்தன் ஐயாவின் நெல்லில் நடந்த அதே சறுக்கல்தான், மேலே வாசித்துப் பார்.

அக்கராயனிலிருந்து தரம் 7 மாணவி: "எங்கட வீட்டில கோழி நிற்குது. கிழமைக்கு 56 முட்டை. ஒரு முட்டை 40 ரூபா. தீன் கிழமைக்கு 1,750 ரூபா. 20 முட்டையை நாங்கள் சாப்பிடுறம். அம்மா நட்டம் என்கிறா, அப்பா லாபம் என்கிறார். யார் சரி? வீட்டில நாங்கள் ஐந்து பேர். அப்பா ஞாயிற்றுக்கிழமையில இரண்டு சாப்பிடுவார்."

பிள்ளை, இந்த மாதம் வந்ததில் எனக்குப் பிடித்த கடிதம் உன்னுடையது. இரண்டு பேரும் சரி. அம்மா கையில் வந்த காசைப் பார்க்கிறா: 36 முட்டை விற்று 1,440, தீனுக்கு 1,750, ஆகவே 310 ரூபா நட்டம். அப்பா கோழி இட்டது எல்லாவற்றையும் பார்க்கிறார்: 56 முட்டையும் 2,240 ரூபா, தீன் போக 490 லாபம். வயிற்றுக்குள் போன 20 முட்டைக்கு 800 ரூபா, அதுதான் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிற வித்தியாசம்.

அம்மாவின் கணக்கிலும் நட்டம் வராமல் எத்தனை முட்டை சாப்பிடலாம் என்று பார்ப்போமா? சாப்பிடுவது ந என்றால் விற்பது 56 − ந. அதை அடைப்புக்குள் போடு: 40(56 − ந) = 1,750. நீ தரம் 7, அடைப்பை விரிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, 40 ஆல் பிரி. 56 − ந = 43.75. முக்கால் முட்டை விற்கமுடியாது, ஆகவே 44 விற்கவேண்டும், 12 சாப்பிடலாம். அப்போது 1,760 வரும், தீன் போக 10 ரூபா மிச்சம்.

இப்போது 20 சாப்பிடுகிறீர்கள், 12 க்கு வரவேண்டும் என்றால் எட்டைக் குறைக்கவேண்டும். எதைக் குறைப்பது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கோப்பையில் இருக்கிற இரண்டாவது முட்டையைப் பற்றி நீயேதான் எழுதியிருக்கிறாய்.